முதல் ஆயிரம் பேர் யார்? புதிய இணையச் சேவை தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

க்விபி என்று ஒரு வீடியோ சேவை இருந்தது. ஹாலிவுட்டின் பெரிய புள்ளியான ஜெஃப்ரி காட்ஸன்பெர்க் தொடங்கினார். ஈபே என்ற இணையச் சந்தையை வளர்த்த மெக் விட்மன் தலைமை நிர்வாகி. முதலீட்டாளர்களிடம் திரட்டிய பணம் 175 கோடி டாலர். 2020 பிப்ரவரியில் சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் நடுவே விளம்பரம் கொடுத்தார்கள், ஏப்ரல் 6 அன்று ஆப் வெளியானது, டிசம்பர் 1 அன்று கடையை மூடினார்கள்.

கொரோனாதான் காரணம் என்று காட்ஸன்பெர்க் சொன்னார். பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்கள் பத்து நிமிடத்தில் பார்த்து முடிக்கிற மாதிரி எடுத்த நிகழ்ச்சிகள். ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதே ஊரடங்கில்தான் டிக்டாக் வளர்ந்தது. க்விபியின் கோளாறு வேறு இடத்தில் இருந்ததாக நான் நினைக்கிறேன். இது இல்லாவிட்டால் தவித்துப்போவேன் என்று சொல்கிற ஒரு கூட்டம் அதற்கு உருவாகவே இல்லை. பார்த்த காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பருக்கு அனுப்பக்கூட ஆரம்பத்தில் வழி வைக்கவில்லை. பிடித்துப்போன ஒருவர் இன்னொருவரை அழைத்து வரலாம் என்றால் அதற்கும் வாசல் இல்லை.

புதிதாக ஆப் தொடங்குகிறவர்களிடம் "யாருக்காக இது?" என்று கேட்டால், பாதிப்பேர் "எல்லாருக்கும்தான்" என்பார்கள். பத்து வருடம் கழித்து அது உண்மையாகலாம். முதல் ஆறு மாதத்துக்கு அந்தப் பதில் ஆபத்தானது. முதலில் யாரைப் பிடிப்பது, எப்படிப் பிடிப்பது, அவர்களிடமிருந்து பொதுமக்களிடம் எப்போது போவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம்.

முதலில், ஏன் இந்த வரிசை

இந்த விஷயத்தில் உலகம் கற்ற முதல் பாடம் கணினியிலிருந்து வரவில்லை, சோளக்காட்டிலிருந்து வந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்று பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 259 விவசாயிகளைக் கேட்டு 1943-இல் ஆய்வு வெளியிட்டார்கள். விளைச்சல் கண்கூடாக அதிகம், வறட்சியையும் தாங்கியது. அப்படியும் 1928-இல் தொடங்கி 1941 வரை ஆனது, இரண்டு பேர் தவிர மற்ற எல்லாரும் மாறி முடிக்க. முன்னால் போனவர்கள்கூட முழு நிலத்திலும் விதைத்துவிடவில்லை, ஒரு மூலையில் போட்டுப் பார்த்தார்கள். விதை பற்றிப் பெரும்பாலானோருக்குத் தெரியவந்தது விற்பனையாளர் வாயிலாக. வாங்கலாம் என்று மனம் வந்ததோ பக்கத்து வயல்காரரைப் பார்த்து.

இந்த வகை ஆய்வுகளைத் தொகுத்த எவரெட் ராஜர்ஸ் 1962-இல் மக்களை ஐந்தாகப் பிரித்தார். எதையும் முதலில் தொட்டுப் பார்க்கிறவர்கள் 2.5 சதவீதம், அடுத்து வரும் முன்னோடிகள், அதாவது இன்றைக்கு 'ஏர்லி அடாப்டர்' என்று சொல்கிறோமே, அவர்கள் 13.5 சதவீதம், பிறகு 34, மறுபடி 34, கடைசியில் 16. இந்த எண்கள் ஒரு வளைகோட்டைக் கணித முறையில் வெட்டியதால் வந்தவை. உங்கள் ஆப்புக்கு அப்படியே பொருந்தும் என்று எக்செல்லில் போட்டு முதலீட்டாளரிடம் காட்டாதீர்கள். எண்ணை விட்டுவிட்டு வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இணையச் சேவைக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. சோள விதையை ஊரில் நீங்கள் ஒருவர் மட்டும் விதைத்தாலும் அது விளையும். ஆளே இல்லாத சாட் ஆப்போ, பொருளே இல்லாத சந்தையோ அப்படி விளையாது. சேவையின் பயனே அங்கே இருக்கிற மற்றவர்களால் வருகிறது. ஆகவே முதலில் வருகிறவர்கள் வெறும் வாடிக்கையாளர்கள் இல்லை. பின்னால் வருகிறவர்களுக்கு நீங்கள் விற்கப்போகும் சரக்கில் பாதியை அவர்கள்தான் செய்து வைக்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-இல் தொடங்கியபோது அதில் படிக்க எதுவும் இல்லை. இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன் போன்ற சிலர், படிக்க ஆள் வருமா என்று பார்க்காமல் கட்டுரை கட்டுரையாக எழுதிக் குவித்தார்கள். கூகுளில் தேடி இன்று அங்கே போய் விழுகிற பள்ளி மாணவனுக்கு அந்த ஆரம்பம் எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை.

வழிமுறைக்குப் போவோம். பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு கற்பனைச் சேவையை வைத்துக்கொள்ளலாம். கல்யாண போட்டோகிராபர்கள் கேமரா, லென்ஸ், லைட்டுகளை ஒருவருக்கொருவர் வாடகைக்கு விட ஒரு ஆப், தொடங்குவது கோயம்புத்தூரில்.

படி 1: ஏற்கெனவே கஷ்டப்பட்டு ஏதோ ஒரு வழியில் சமாளித்துக்கொண்டிருப்பவர்களைத் தேடுங்கள்

"இது நல்லா இருக்கே" என்று சொல்கிறவர்கள் முன்னோடிகள் ஆகிவிட மாட்டார்கள். நம் ஊரில் யார் எதைக் காட்டினாலும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வோம். உங்களுக்கு வேண்டியவர் இன்றைக்கே அந்தத் தொல்லையில் இருப்பவர், அதைச் சமாளிக்க ஏதாவது ஒட்டுப்போட்ட ஏற்பாடும் வைத்திருப்பவர். வாட்ஸ்அப் குழு, நோட்டுப் புத்தகம், எக்செல் ஷீட், ஒரு தெரிந்த அண்ணனின் போன் நம்பர் என்று அந்த ஏற்பாடு எதுவாகவும் இருக்கலாம். ஏற்பாடு எவ்வளவு அசிங்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்ல செய்தி.

இணையத்தில் பணம் அனுப்பும் பேபால் சேவையின் கதை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 1999-இல் அவர்கள் காட்டியது, பாம் பைலட் என்ற கையடக்கக் கருவிகளுக்கு இடையே பணம் அனுப்பும் வித்தை. பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்திருந்தது, பயன்படுத்த ஆள் இல்லை. இணையதளத்தில் சும்மா ஒரு டெமோவாக வைத்திருந்த மின்னஞ்சல் வழிப் பணப் பரிமாற்றத்தை ஈபே விற்பனையாளர்கள் தாங்களாகவே பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய தொல்லை நிஜமானது: வாங்கியவர் தபாலில் செக் அனுப்பி, அது வந்து, பணமாகி, அதன் பிறகே பொருளை அனுப்ப வேண்டும். இவர்கள் யார், ஏன் வருகிறார்கள் என்று பேபால்காரர்களுக்கே முதலில் புரியவில்லை, கொஞ்ச நாள் அவர்களைத் தள்ளிவைக்கவும் பார்த்தார்கள். புரிந்த பிறகு பாம் பைலட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு விற்பனையாளர்கள் பின்னால் போனார்கள். 2002-இல் ஈபேயே 150 கோடி டாலருக்கு அந்த நிறுவனத்தை வாங்கியது.

நம் லென்ஸ் ஆப்புக்கு வருவோம். யாரைத் தேடுவது? புதிதாகக் கேமரா வாங்கிய கல்லூரி மாணவரையா? அவருக்கு ஆர்வம் உண்டு, அவசரம் இல்லை. சொந்தமாக இரண்டு கேமரா வைத்துக்கொண்டு மாதம் நாலைந்து கல்யாணம் எடுக்கிறவர், ஒவ்வொரு முறையும் 70-200 லென்ஸுக்காக முந்தின நாள் ராத்திரி பத்து பேருக்குப் போன் போடுகிறவர், அவர்தான் உங்கள் ஆள். அவர் ஏற்கெனவே "லென்ஸ் கிடைக்குமா" என்று கேட்கிற ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருப்பார். அந்தக் குழுவுக்குள் போய் ஒரு மாதம் சும்மா வாசித்துக்கொண்டிருங்கள். என்ன கேட்கிறார்கள், எந்த நேரத்தில் கேட்கிறார்கள், யார் பதில் சொல்கிறார்கள், எதில் சண்டை வருகிறது என்று குறித்து வையுங்கள். இந்த வேலைக்கு ஒரு வரி புரோகிராம்கூட எழுதத் தேவையில்லை.

படி 2: ஒரே இடத்தில் நெருக்கமாக இருப்பவர்களைப் பிடியுங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஆயிரம் பேர் வந்துவிட்டார்கள் என்பது நல்ல செய்தியா என்பது அந்த ஆயிரம் பேர் ஒருவரை ஒருவர் அறிவார்களா என்பதைப் பொறுத்தது.

கூகுள் ஒரே உத்தியை இரண்டு முறை கையாண்டது. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வெளிவந்தது. அழைப்பு இருந்தால் மட்டுமே கணக்கு. ஹாட்மெயில் 2 எம்பி கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் 1 ஜிபி கொடுத்தார்கள், அழைப்புகளை ஈபேயில் காசு கொடுத்து வாங்குகிற அளவுக்குப் போட்டி. 2007-இல்தான் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அதே நிறுவனம் 2009 செப்டம்பர் கடைசியில் கூகுள் வேவ் என்ற கூட்டு வேலைக் கருவியை ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்கு அழைப்பு அனுப்பி வெளியிட்டது. மறுபடியும் ஒரே பரபரப்பு. 2010 ஆகஸ்டில் வேலையை நிறுத்திவிட்டதாக அறிவித்தார்கள்.

ஒரே உத்தி எப்படி ஒரு இடத்தில் ஓடி இன்னொரு இடத்தில் படுத்தது? ஜிமெயில் கிடைத்தவர் அதே நாளில் ஹாட்மெயில், யாஹூ என்று யாருக்கு வேண்டுமானாலும் கடிதம் எழுதலாம். அவர் ஒருவருக்கு மட்டும் கிடைத்தாலும் பயன் முழுமையாக இருந்தது. வேவ் கிடைத்தவரோ உள்ளே போய்ப் பார்த்தால், தன்னோடு வேலை செய்கிற யாருக்கும் அழைப்பு இல்லை. ஒரு லட்சம் பேரும் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். யாரும் உட்காராத ஹோட்டலுக்குள் நுழைந்தவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே போய்விட்டார்கள்.

ஃபேஸ்புக் செய்தது நேர் எதிர். 2004 பிப்ரவரி 4 அன்று ஹார்வர்டு மாணவர்களுக்கு மட்டும். கல்லூரி மின்னஞ்சல் இல்லாமல் நுழைய முடியாது. ஒரு மாதத்துக்குள் அங்கே இளங்கலை படித்தவர்களில் பாதிக்கு மேல் உள்ளே வந்திருந்தார்கள். எண்ணிக்கையில் சில ஆயிரம் பேர்தான். ஆனால் ஒரு மாணவர் உள்ளே வந்தால், பக்கத்து அறைக்காரர், வகுப்பில் உட்காரும் பெண், பேச ஆசைப்பட்டுத் தயங்கியவர் எல்லாரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். மார்ச் மாதம் கொலம்பியா, ஸ்டான்ஃபோர்டு, யேல். அப்புறம் ஒவ்வொரு கல்லூரியாக. 2005 செப்டம்பரில் உயர்நிலைப் பள்ளிகள். 13 வயது நிறைந்த யாரும் சேரலாம் என்று கதவைத் திறந்தது 2006 செப்டம்பர் 26 அன்று. இரண்டரை வருடத்துக்கு மேல் பொறுத்திருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் சேவையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: உலகத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் இதைப் பயன்படுத்தினால் அவருக்கு ஏதாவது பயன் உண்டா? உண்டு என்றால் (கணக்கு எழுதும் ஆப், போட்டோ திருத்தும் கருவி) முன்னோடிகள் எங்கே சிதறி இருந்தாலும் பரவாயில்லை. இல்லை என்றால் ஒரு கல்லூரி, ஒரு அப்பார்ட்மென்ட், ஒரு தொழில், ஒரு தெரு என்று எல்லையைச் சுருக்குங்கள். சுருக்கும்போது வலிக்க வேண்டும். வலிக்கவில்லை என்றால் இன்னும் சுருங்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். லென்ஸ் ஆப் தமிழ்நாடு முழுக்க என்று ஆரம்பித்தால் திருநெல்வேலியில் இருக்கும் லென்ஸ் வேலூர்க்காரருக்கு ஆகாது. கோயம்புத்தூர் என்றாலும் பெரிது. காந்திபுரம் சுற்றுவட்டாரத்தில் இருபது ஸ்டுடியோ, பைக்கில் கால் மணி நேரத்தில் எட்டுகிற தூரம். அது போதும்.

படி 3: காலியாக இருக்கிற பக்கத்தை உங்கள் கையால் நிரப்புங்கள்

வாடகைக்கு விடுகிறவர், எடுக்கிறவர் என்று இரண்டு பக்கம் உள்ள சேவைகளில் ஒரு பக்கம் எப்போதும் அரிதாக இருக்கும். அதை முதலில் நிரப்ப வேண்டும், கையால்தான் நிரப்ப முடியும்.

ஏர்பிஎன்பி நிறுவனர்கள் 2009-இல் நியூயார்க்குக்குப் போய் வீடு வாடகைக்கு விட்டவர்களை ஒவ்வொருவராகச் சந்தித்தார்கள். வீடுகள் மோசமில்லை, போனில் எடுத்துப் போட்ட படங்கள்தான் மோசம் என்று தெரிந்ததும் நல்ல கேமராவோடு போய் அவர்களே படம் எடுத்துக் கொடுத்தார்கள். இணையதளங்கள் பணம் வசூலிக்க உதவும் ஸ்ட்ரைப் நிறுவனத்தைத் தொடங்கிய காலிசன் சகோதரர்கள், "பயன்படுத்திப் பார்க்கிறேன்" என்று யாராவது சொன்னால் "சரி, லிங்க் அனுப்புகிறேன்" என்று விடமாட்டார்களாம். லேப்டாப்பை வாங்கி அங்கேயே நிறுவிக் கொடுத்துவிட்டுத்தான் நகர்வார்கள். இணைப்புகளைப் பகிரும் தளமான ரெடிட் தொடங்கிய புதிதில் தளம் வெறிச்சோடித் தெரியக்கூடாது என்று நிறுவனர்களே பல பெயர்களில் இணைப்புகளைப் பதிவிட்டதை அவர்களே பின்னால் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கடைசி வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். செய்தி இணைப்பு பகிர்வதில் அது சின்னக் குறும்பு. பணம் கைமாறுகிற இடத்தில் போலிக் கணக்கு வைத்தால் அதற்குப் பெயர் மோசடி.

லென்ஸ் ஆப்பில் அரிதான பக்கம் விடுகிறவர்கள். ஒரு லட்ச ரூபாய் பொருளை முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்க யாருக்கும் மனம் வராது. முதல் இரண்டு மாதம் நீங்களே போய் லென்ஸை வாங்கி, இரண்டு பேர் முன்னாலும் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று படம் எடுத்து, கொண்டுபோய்க் கொடுத்து, முகூர்த்தம் முடிந்ததும் திரும்ப வாங்கி வாருங்கள். இதில் லாபம் வராது, பெட்ரோல் காசே தேறாது. ஆனால் ஆப்பில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பது அந்த பைக் பயணங்களில் தெரிந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் ஆப் அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. முன்னோடிகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள முக்கியமான வித்தியாசமே அதுதான்: வேலை நடந்தால் போதும், மீதியை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஓடிபி வரவில்லை என்றால் உங்களுக்குப் போன் போட்டுத் திட்டுவார்கள். பொதுமக்கள் திட்ட மாட்டார்கள். ஆப்பை நீக்கிவிட்டு, ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

படி 4: அவர்கள் செய்வதைப் பாருங்கள், சொல்வதைச் சலித்தெடுங்கள்

ட்விட்டரில் ஒருவரைக் குறிக்க @ போடுவதும், தலைப்புக்கு # போடுவதும், இன்னொருவர் சொன்னதை ஆர்டி என்று போட்டு மறுபடி பகிர்வதும் நிறுவனத்துக்குள் பிறந்தவை இல்லை. எல்லாம் முதல் பயனர்கள் தாங்களாகவே வழக்கமாக்கியவை. # குறியை கிறிஸ் மெஸ்ஸினா என்ற பயனர் 2007 ஆகஸ்டில் முன்மொழிந்தார்; அதை அழுத்தினால் தேடல் திறக்கிற மாதிரி நிறுவனம் செய்தது 2009-இல். உங்கள் ஆட்களும் இப்படி ஏதாவது செய்வார்கள். ஆப்பில் லென்ஸ் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் "ஆளோடு சேர்த்து" என்று யாராவது எழுதுகிறார் என்றால், லென்ஸோடு இரண்டாவது போட்டோகிராபராகத் தானும் வரத் தயார் என்கிறார். அதைத் தவறான பதிவு என்று அழித்துவிடாதீர்கள். உங்கள் இரண்டாவது தொழில் அதுவாக இருக்கலாம்.

முகூர்த்தச் சிக்கலும் இப்படித்தான் வெளிப்படும். உட்கார்ந்து யோசித்தால் இது அருமையான தொழில்: ஒருவரிடம் சும்மா கிடக்கும் லென்ஸ் இன்னொருவருக்குப் பயன்படுகிறது. நடைமுறையில் தை மாதத்து நல்ல முகூர்த்த நாளில் ஊரில் ஒரு லென்ஸ்கூட சும்மா கிடக்காது. ஆடியில் எல்லா லென்ஸும் சும்மா கிடக்கும், எடுக்க ஆள் இருக்காது. இருபது ஸ்டுடியோவோடு இதைக் கண்டுபிடித்தால் முகூர்த்தம் இல்லாத நாளில் வேலை இருக்கிற விளம்பரப் படக்காரர்களையும் யூடியூபர்களையும் சேர்த்துச் சரிக்கட்டலாம். இரண்டாயிரம் ஸ்டுடியோவைச் சேர்த்த பிறகு தை மாதத்தில் கண்டுபிடித்தால் உங்கள் பெயர் ஒரே வாரத்தில் கெட்டுவிடும்.

எதை அளப்பது? பதிவிறக்க எண்ணிக்கையை மறந்துவிடுங்கள், அது விளம்பரக் காசின் அளவைத்தான் காட்டும். இரண்டாவது முறை தானாக வந்தவர் எத்தனை பேர், மூன்றாவது மாதத்திலும் இருப்பவர் எத்தனை பேர் என்று பாருங்கள். கூடவே ஒரு கேள்வி: "நாளையிலிருந்து இந்தச் சேவை இல்லை என்றால் எப்படி இருக்கும்?" ஷான் எல்லிஸ் என்பவர் பரப்பிய சோதனை இது. "ரொம்பவே ஏமாற்றமாக இருக்கும்" என்று 40 சதவீதம் பேராவது சொன்னால் சேவை தன் ஆட்களைக் கண்டுபிடித்துவிட்டது என்பது அவர் கணக்கு. சூப்பர்ஹியூமன் என்ற மின்னஞ்சல் சேவை இதைக் கேட்டபோது முதலில் வந்தது 22 சதவீதம். நிறுவனர் ராகுல் வோரா என்ன செய்தார் என்றால், கிடைத்த எல்லாப் புகாரையும் சரிசெய்யக் கிளம்பவில்லை. மிகவும் ஏமாற்றம் என்றவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்த்து, அவர்கள் மாதிரி ஆட்களாகத் தேடிச் சேர்த்தார். அவர்களுக்குப் பிடித்ததை இன்னும் கூர்மையாக்கினார், கிட்டத்தட்டப் பிடித்திருந்தவர்களைத் தடுத்த குறைகளை மட்டும் நீக்கினார். எண் 58 சதவீதத்துக்கு ஏறியது. பிடிக்கவே இல்லை என்றவர்கள் சொன்னதை அவர் பணிவோடு கேட்டுவிட்டு ஒதுக்கிவைத்தார். நமக்கு இதுதான் கஷ்டம். திட்டுகிறவரைச் சமாதானப்படுத்தத்தான் மனம் முதலில் ஓடும்.

படி 5: அழைத்து வருகிறவருக்கு என்ன கொடுப்பது

பணம் கொடுக்கலாம், பேபால் கொடுத்தது. சேர்ந்தால் 10 டாலர், ஆள் சேர்த்தால் 10 டாலர். வேகமாகப் பரவியது, செலவு தாங்காமல் தொகையைக் குறைத்துப் பின்னால் நிறுத்தினார்கள். ஈபே விற்பனையாளர்களுக்கு நிஜத் தேவை இருந்ததால் பணம் நின்றும் ஆட்கள் நின்றார்கள். தேவை இல்லாத இடத்தில் கேஷ்பேக் கொடுத்தால் கேஷ்பேக்குக்காக மட்டும் வருகிற கூட்டம்தான் மிஞ்சும். அவர்களை முன்னோடிகள் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் கேட்பதைச் செய்தால் ஆப் கூப்பன் கடையாகிவிடும்.

கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ் கொடுத்தது சேமிப்பு இடம்: அழைத்தவருக்கும் வந்தவருக்கும் கூடுதல் எம்பி. அந்தச் சேவையை நிஜமாகவே பயன்படுத்துகிறவருக்கு மட்டும்தான் அதில் ஆசை வரும். 2008 செப்டம்பரில் ஒரு லட்சமாக இருந்த பயனர்கள் பதினைந்து மாதத்தில் நாற்பது லட்சம் ஆனார்கள். லென்ஸ் ஆப்பில் இதற்குச் சமம், ஆள் சேர்த்தவருக்கு ஒரு நாள் வாடகை இலவசம். முகூர்த்த நாள் தவிர என்று சிறிய எழுத்தில் போட்டுவிடுங்கள்.

படி 6: பொதுமக்களிடம் போகும்போது வேறு கடை திறக்கிறீர்கள் என்று எண்ணுங்கள்

முன்னோடிகளை மகிழ்வித்ததையே இன்னும் கொஞ்சம் அதிகமாகச் செய்தால் அடுத்த 34 சதவீதம் வந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. அப்படி வருவதில்லை. முன்னோடிக்குப் புதுமை பிடிக்கும். அடுத்தவர் கேட்பது "ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?"

ஃப்ளிப்கார்ட் 2007-இல் பெங்களூருவில் புத்தகம் விற்றுத் தொடங்கியது. புத்தகத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. உடையாது, அளவு தப்பாது. வாங்கியவர்கள் கிரெடிட் கார்டும் இணையப் பழக்கமும் உள்ளவர்கள். அந்தக் கூட்டத்துக்கு அப்பால் போக அவர்களுக்கு வேண்டியிருந்தது புதிய தொழில்நுட்பம் இல்லை, 2010-இல் வந்த கேஷ் ஆன் டெலிவரி. பொருள் கைக்கு வந்த பிறகு காசு. கார்டு வைத்திருந்தவருக்கு அது பெரிதாகத் தோன்றியிருக்காது. கார்டே இல்லாதவருக்கும், இருந்தும் நம்பாதவருக்கும் அதுதான் கதவு.

யுபிஐ கதையும் அப்படியே. 2016 ஏப்ரலில் அறிமுகமானபோது முகவரியைத் தட்டச்சு செய்து பணம் அனுப்பிப் பார்த்தவர்கள் ஆர்வக்காரர்கள். காய்கறிக் கடைக்கு அது போய்ச் சேர்ந்ததற்குக் கடை முன்னால் ஒட்டிய க்யூஆர் ஸ்டிக்கரும், "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று உரக்கச் சொல்லும் பெட்டியும் பெரிய காரணம். தராசைப் பிடித்திருக்கும் கை போனைத் தேட வேண்டியதில்லை. வாங்குகிறவர் காட்டுகிற ஸ்கிரீனை நம்பவும் வேண்டியதில்லை.

நம் ஆப்பில் அடுத்த கட்டம் பொள்ளாச்சியில் இருபது வருடமாக ஸ்டுடியோ நடத்தும் ஐயா. அவருக்கு ஆப்பின் வேகம் ஒரு பொருட்டில்லை. லென்ஸ் விழுந்து உடைந்தால் பணம் யார் தருவார், எத்தனை நாளில் தருவார், போன் போட்டால் மனிதக் குரல் கேட்குமா? முன்பணம், சேத ஒப்பந்தம், கூடிய மட்டும் காப்பீடு ஆகியவற்றைத் தயார் செய்யாமல் அவரிடம் போகாதீர்கள். காந்திபுரத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு ஸ்டுடியோக்காரர் "ஒரு வருஷமா நான் விடறேன் அண்ணே, பிரச்சினை இல்லை" என்று சொன்னால் அது உங்கள் எந்த விளம்பரத்தையும்விட மேல். அயோவாவில் பக்கத்து வயல்காரர் செய்த வேலை அது.

போகும் அவசரத்தில் பழையவர்களை மிதித்துவிடவும் கூடாது. டிக் என்ற செய்திப் பகிர்வுத் தளம் 2010 ஆகஸ்டில் நான்காவது பதிப்பைக் கொண்டுவந்தபோது, பயனர்கள் சேர்ந்து முதல் பக்கத்தைத் தீர்மானித்த முறையைக் கலைத்துப் பெரிய ஊடகங்களுக்கு இடம் கொடுத்தது. பழைய ஆட்கள் கூட்டமாக ரெடிட்டுக்குப் போனார்கள். 2012-இல் டிக் சுமார் 5 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டதாகச் செய்தி வந்தது.

படி 7: கூட்டம் தானாக வந்துவிட்டால்

சில நேரம் வரிசை உங்கள் கையில் இருக்காது. ஜோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' என்ற சாட் ஆப் 2021 ஜனவரியில் வந்தது. 2025 செப்டம்பர் கடைசியில் உள்நாட்டுத் தயாரிப்பு என்ற அலை எழுந்ததும், நாளுக்கு 3,000 ஆக இருந்த பதிவு மூன்றே நாளில் 3,50,000 ஆனது என்று ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். சர்வர்களைக் கூட்டவே அவர்களுக்கு நேரம் சரியாக இருந்தது. எழுத்துச் செய்திகளுக்கு முழு மறையாக்கம் (அனுப்பியவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பாதுகாப்பு) அப்போது இருக்கவில்லை, அந்தக் கேள்வியும் உடனே வந்தது. தொழில்நுட்பத்தை விடப் பெரிய சிக்கல் வேறு: சேர்ந்தவரின் அம்மாவும் ஆபீஸ் குழுவும் வாட்ஸ்அப்பில்தான் இருந்தார்கள். கூகுள் வேவில் பார்த்த அதே சிதறல். இந்த மாதிரி வெள்ளத்தில் தனி ஆளைப் பிடிப்பதைவிட முழுக் குழுவைப் பிடிப்பது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. ஒரு அலுவலகம், ஒரு குடியிருப்போர் சங்கம், ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் என்று கூட்டோடு மாறுகிறவர்களுக்குத் தனிக் கவனம் கொடுக்க வேண்டும்.

"ட்விட்டர் மாதிரியான த்ரெட்ஸ் ஆப் ஐந்து நாளில் பத்து கோடிப் பேரைச் சேர்க்கவில்லையா, சாட்ஜிபிடி எந்த முன்னோடிக்குக் காத்திருந்தது?" என்று கேட்கலாம். த்ரெட்ஸ் 2023 ஜூலையில் இன்ஸ்டாகிராம் கணக்கையும் அதில் பின்தொடர்ந்தவர்களையும் அப்படியே தூக்கி வந்தது. முன்னோடிகளைத் திரட்டும் வேலையை இன்ஸ்டாகிராம் பல வருடம் முன்பே முடித்திருந்தது. சாட்ஜிபிடி தனி ஆளுக்கே முழுப் பயன் தருவது, ஆகவே படி 2-இன் கேள்வியிலேயே அது தேறிவிடுகிறது. உங்களிடம் இன்ஸ்டாகிராமும் இல்லை, அப்படியொரு இயந்திரமும் இல்லை என்றால் காந்திபுரத்து இருபது ஸ்டுடியோதான் வழி.

நாளைக்கே தொடங்குவதானால் முதல் வேலை: ஒரு தாளில் இருபது பேர் எழுதுங்கள். உங்கள் நண்பர்களும் உறவினர்களும் அதில் வரக்கூடாது, அவர்கள் உங்களுக்காகப் பயன்படுத்துவார்கள். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் அவர் இன்றைக்கு அந்தத் தொல்லையை எப்படிச் சமாளிக்கிறார் என்று ஒரு வரி. எழுத முடியாத பெயர்களை அடித்துவிட்டு, மீதியில் ஒருவரை ஒருவர் அறிந்தவர்களைக் கோடு போட்டு இணையுங்கள். கோடுகள் எங்கே நெருக்கமாக விழுகின்றனவோ அந்தக் கும்பலிலிருந்து மூன்று பேருக்குப் போன் போட்டு, ஆப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், போன தடவை அந்தத் தொல்லை வந்தபோது என்ன செய்தார்கள் என்று மட்டும் கேளுங்கள்.